ஓட்டின்மேல் பெய்யாத மழை

1

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு சூமி அக்கா வந்து, வியாழக்கிழமை அவருக்கு ஆயிரமாவது நாள், மூன்று பேரும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் என்றால் கார்தோ, அவள் புருஷன். இந்த ஜாவாத் தீவில் ஆள் போனால் ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் என்று வரிசையாக விருந்து வைப்பார்கள். கடைசி விருந்து ஆயிரமாவது நாள். அன்றைக்குத்தான் சமாதிக்குக் கல் வைப்பது. அதுவரைக்கும் செத்தவர் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பார், கல் வைத்த பிறகுதான் போவார் என்று இங்கே பேச்சு.

வருகிறோம் என்று தலையாட்டி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். சாதம் அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம், எனக்கு உறைக்கவே இல்லை. என் மகள் செல்விதான் ஓடிவந்து இறக்கினாள்.

சுற்றி வளைப்பானேன். கார்தோ அண்ணன் செத்தது என்னால். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்தது நான்தான். இது தெரிந்தவர்கள் என் வீட்டுக்காரரும் செல்வியும் மட்டும். சூமிக்குத் தெரியாது. கல் வைப்பதற்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மனுஷன் அவள் வீட்டை விட்டுப் போனாலும் என் வீட்டை விட்டுப் போகமாட்டார். சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. அதனால் முதலில் ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கடல் தாண்டி இருக்கிறீர்கள், என்ன திட்டினாலும் எனக்குக் கேட்காது.

2

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு துணி மில்லில் தறி மேஸ்திரி. நாங்கள் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. மில்காரர்கள் கொடுத்த தகரக் கூரை வீடு. வாசலில் நின்றால் எரிமலை தெரியும்.

ஊரிலிருந்து வருகிற கடிதம் அத்தனையிலும் ஒரே கேள்விதான். நெருப்பு ஆறாக ஓடுமா, ராத்திரியில் வெளிச்சமாக இருக்குமா என்று. ஏதோ நாங்கள் திருவிழா பார்க்க வந்த மாதிரி. நெருப்பு எங்கள் தெரு வரைக்கும் வராது. எங்களிடம் வருவது சாம்பல். என் மாமியார் ஒரு கடிதத்தில் ஆள் வைத்து எழுதியிருந்தார்: "சாம்பல் மழை பேயுதாமே, ஈசன் போட்ட திருநீறு ஆச்சேம்மா அது, ஒரு பொட்டலம் கட்டி அனுப்பு, நெத்திக்கு இட்டுக்கிறேன்." அத்தை, அது விபூதி இல்லை. விபூதி சாணம் சுட்டது, விரலில் எடுத்தால் மெத்தென்று இருக்கும். இது கல்லைப் பொடி பண்ணின பொடி. கண்ணாடியைத் துடைத்தால் கீறல் விழும், கண்ணில் பட்டுக் கசக்கினால் கண்ணே போய்விடும். வாயில் போனால் தீக்குச்சி மருந்தைக் கடித்த ருசி. நெற்றிக்கு ஆகாது.

காலையில் எழுந்ததும் நான் பார்ப்பது மலையைத்தான். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். எங்கள் பக்கம் சாய்ந்தால் கொடியில் இருக்கிற துணியை எடுக்கணும், கிணற்றைப் பலகை போட்டு மூடணும், தவலைக்குத் தட்டு வைக்கணும். சன்னல் இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்து, கதவடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்துவிடுவேன். மூக்குக்கு நனைத்த துண்டு. உள்ளே வந்துவிட்ட சாம்பலைத் துணியால் துடைக்கக் கூடாது. விளக்குமாற்றால் மெள்ள ஒதுக்கி முறத்தில் அள்ளிச் சாக்கில் கட்டிவிடணும். கூரைமேல் விழுந்ததை உலர்ந்தபடியே கீழே தள்ளிவிடணும். உலர்ந்தபடியே. அதை இந்தத் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்லும். எனக்கு அது விளங்கினது ஆயிரம் நாளுக்கு முன்னால், ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு.

3

நான் பெரிய காஞ்சிபுரத்துக்காரி, பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள். வெயில் காலத்தில் ஓரிக்கைப் பக்கமிருந்து காற்று எழும்பினால் பாலாற்று மணல் பொடிப்பொடியாக எங்கள் தெருவுக்கு வந்துவிடும். சேலைக்கான நீள நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டியிருப்பார்கள், பாவு என்போம். தூசி படிந்தால் பட்டு மங்கிப் போகும். உலர்ந்தால் இழை பட்பட்டென்று அறும். இரண்டுக்கும் ஒரே மருந்து தண்ணீர்தான். தெருவுக்குத் தண்ணீர், தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர், சன்னலில் நனைத்த கோணி, உச்சி வெயிலில் ஓட்டின்மேல் நாலு குடம். ஆண்கள் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது, அதனால் இதெல்லாம் பெண்கள் வேலை. என் அம்மா வாயில் காலையிலிருந்து ராத்திரி வரை இதே பாட்டுத்தான்: "தூசி பறக்குது, தண்ணி தெளிடி."

எனக்குப் பத்து வயசு இருக்கும். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு தறி இருக்கிற கூடத்து வழியாகப் போனேன். எங்கிருந்துதான் வந்ததோ காற்று, முறத்தில் இருந்த அத்தனையும் அப்பா நெய்துகொண்டிருந்த சந்தனக் கலர் கல்யாணச் சேலைமேல் போய் உட்கார்ந்தது. அப்பா குழியில் உட்கார்ந்தபடியே ஊதி ஊதிப் பார்த்தார். அம்மாதான் முதுகில் வைத்தாள். "அள்றதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கணும்னு எத்தினி தபா சொல்றது? தெளிச்சிருந்தா பறந்திருக்குமா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள்.

அந்த அடி முதுகிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. அதற்கப்புறம் எங்கே சாம்பலைக் கண்டாலும் என் கை தானாகக் குடத்தைத் தேடும். அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

4

அன்றைக்குக் காலையில் சூமி வெளியே கிளம்பினாள். மலை நாலு நாளாக உறுமிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் அவள் தங்கச்சி வீடு, அவளைப் பிள்ளைகளோடு கூட்டிவரப் போனாள். போகும்போது என்னைப் பார்த்துக் கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். அவர் இப்போதுதான் படுத்தார் என்று அர்த்தம். கார்தோ அண்ணனுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். பகலில்தான் தூங்குவார். தூக்கத்தில் இருமுவார், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், எங்கள் அடுப்படியில் கேட்கும்.

பன்னிரண்டு மணிக்கு இருட்டிவிட்டது. மேகம் மூடின இருட்டு இல்லை, விளக்கை ஏற்றினால்தான் கை தெரிகிற இருட்டு. கோழி எல்லாம் அடைய வந்துவிட்டது. தகரத்தின்மேல் ரவை கொட்டுகிற மாதிரி சத்தம், விடாமல். என் வீட்டுக்காரர் மில்லில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் எட்டு வயசுச் செல்வியும்தான்.

கதவு சன்னலையெல்லாம் அடைத்தேன். அதுவரைக்கும் செய்தது சரி. இரண்டு மணிவாக்கில் கொஞ்சம் விட்டது, சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்தது. வாசலுக்கு வந்து பார்த்தால் எதிர்த்த வரிசைக் கூரையில் எல்லாம் ஆள் நிழலாட்டம் தெரிகிறது. வெறும் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு பெருக்கு பெருக்கென்று பெருக்குகிறார்கள், தெருவே புகைகிறது. எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்.

"மூளை இருக்குதா இவங்களுக்கு? இருக்கிற தூசியக் கிளப்பி ஊரு மூக்குல வுட்டுக்கினு இருக்காங்களே. நாலு குடம் ஊத்துனா அடங்கப் போவுது" என்றேன்.

அந்த நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருவர் என்னமோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இந்த ஊர் பாஷையில் நாற்பது வார்த்தை தெரிந்தால் அதிகம், நாற்பதும் சந்தைக்குப் போனால்தான் உதவும். செல்வி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்மா, கூரையில தண்ணி ஊத்தக்கூடாதாம்மா. பெருக்கித்தான் தள்ளணுமாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ பெரிய இவ, எனக்குச் சொல்ல வந்துட்ட. சாம்பலப் பத்தி எனக்குத் தெரியாதா? போய் தண்ணி எறைச்சு எடுத்தா" என்றேன்.

அவள் கிணற்றில் இறைத்துக் கொடுத்தாள். நான் ஏணியில் நின்று எங்கள் தகரத்தின்மேல் ஊற்றினேன். சாம்பல் கறுத்து அடங்கியது. ஒரு பொடி பறக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் பக்கத்தைப் பார்த்தேன். சூமி வீட்டு ஓட்டின்மேல் நாலு விரல் கனத்துக்குக் கிடந்தது. பழைய வீடு, மூங்கில் சட்டம். சூமி இல்லை, அந்த மனுஷன் ராத்திரி முழுக்க உழைத்துவிட்டுத் தூங்குகிறார். எழுப்பிச் சொல்லுவோமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாவம், தூங்குகிறவரை ஏன் எழுப்பணும், நாமே செய்துவிடுவோம் என்று ஏணியை அந்தப் பக்கம் சாய்த்தேன். சத்தம் வரக்கூடாது என்று மெள்ள மெள்ள ஊற்றினேன். எத்தனை குடம் என்று எனக்குத் தெரியாது. செல்விக்குத் தெரியும், அவளைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தெரு முழுக்கக் கிளம்பியிருந்த தூசியில் எங்களை யாரும் பார்க்கவில்லை. உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு காப்பி போட்டுக் குடித்தேன். நாலு மணிக்குக் கட்டில் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஓடு சரிகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்கூட இல்லை.

நனைந்த சாம்பல் அவ்வளவு கனம் கனக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொன்னார்கள். ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். என் வயிற்றில் பிறந்தது தமிழிலேயே சொன்னது.

5

நாலாம் நாள் சர்க்கார் ஆபீஸிலிருந்து ஒருத்தர் காகிதத்தோடு வந்தார். இடிந்த வீடெல்லாம் பார்த்து எழுதுகிறவர். வெளிநாட்டுக்காரர்கள் நாங்கள் இங்கே தங்குவதற்கு வருஷா வருஷம் போய் வரிசையில் நின்று முத்திரை வாங்கணும். ஒரு தடவை அப்பா பெயர் கட்டத்தில் புருஷன் பெயரை எழுதிவிட்டேன் என்று மூன்று நாள் அலையவிட்டார்கள். அதனால் காகிதம் என்றாலே எங்களுக்குப் பயம். "ஏதாவது எக்குத்தப்பாச் சொல்லி வெச்சே, கப்பல் ஏத்திடுவாங்க. கேட்டதுக்குத் தலைய ஆட்டிட்டு வந்துடு" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

அந்த ஆபீஸ்காரர் சூமி வீட்டு இடிபாட்டில் ஒரு கை சாம்பலை அள்ளிப் பார்த்தார். கட்டியாக இறுகிக் கிடந்தது. மற்ற வீட்டிலெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டார்கள், கூரை தாங்கிவிட்டது, இங்கே தள்ளாமல் கிடந்தது எப்படி நனைந்தது என்று கேட்டார். சுவரை ஒட்டின வீடு எங்களுடையது, அதனால் என்னைக் கேட்டார். செல்வி நடுவில் நின்றாள்.

"மழை பேஞ்சுதான்னு கேக்குறாரும்மா."

"பேஞ்சுதுன்னு சொல்லு."

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்மேல் இருக்கிறது. அப்புறம் அவரிடம் திரும்பிச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துக் கேட்டார், தமிழில் போட்டேன். எழுத்து உருண்டையாக அழகாக இருக்கிறது என்று சிரித்தார். சூமி நாலு எட்டு தள்ளி, தங்கச்சி தோளில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவள் அன்றைக்கு ஊரில் இல்லை. மழை பெய்ததா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் வந்ததும் செல்வி கையைப் பிடித்து, "யார்கிட்டயும் மூச்சு வுடக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றேன். அவள் சத்தியம் பண்ணவில்லை. கையை உருவிக்கொண்டு போனாள். அழவும் இல்லை.

6

அதிலிருந்து அவள் பாதி நாள் சூமி வீட்டில்தான். கூரையை மாற்றிக் கட்டின பிறகு பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கே போய்விடுவாள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே பாடம். செல்வி என்று கூப்பிட வராமல் சூமி சில்வி என்பாள், இவளும் நோட்டுப் புத்தகத்தில் சில்வி என்றே எழுதுகிறாள். எண்ணினால் அவர்கள் பாஷையில் எண்ணுகிறாள். போன மாசம் ஏதோ கேட்டதற்கு, "உன் பாஷைல அதுக்கு வார்த்தை தெரியலம்மா" என்றாள். உன் பாஷையாம். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "பிள்ளைங்க எங்க இருக்குதோ அந்த ஊராத்தான் ஆவும், வுடு" என்கிறார். அவருக்கு மறக்கத் தெரியும். கொடுத்து வைத்தவர்.

சூமியின் நல்ல குணம்தான் என்னைக் கொல்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஒவ்வொரு விருந்துக்கும் நம்ம ஊர் ஆப்பத்துக்குத் தங்கச்சி மாதிரி ஒரு பலகாரம் செய்வாள், செத்தவர்களுக்காகச் செய்வது, அதில் எனக்கென்று நாலு தனியாக எடுத்து வைப்பாள். நான் அதைக் கையில் வைத்துப் பிய்த்துக்கொண்டே இருப்பேன். அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், சாப்பிட்டாக வேண்டும்.

நான் வாசல் தெளிப்பதை நிறுத்தி ஆயிரம் நாள் ஆகப்போகிறது.  மழை பெய்கிற நாளில் தகரத்தின்மேல் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் எல்லாரும் வெளியே போன பிறகு அடுப்படியில் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும். இருமல்தான், வேறு ஒன்றும் இல்லை. தூங்குகிறவர் இருமுகிற இருமல். முதலில் ஓடிப் போய்ப் பார்த்தேன், சூமி வீடு பூட்டிக் கிடந்தது. இப்போது ஓடுவதில்லை. அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கிறேன்.

இன்றைக்குச் செவ்வாய். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

7

இதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

புதன்கிழமை முழுக்கச் சூமி வீட்டில் தேங்காய் துருவினேன். நாலு தடவை வாயைத் திறந்து நாலு தடவையும் உப்பு கேட்டேன். வியாழன் காலையில் எல்லாரும் சமாதிக்குப் போனோம். கல்லை நாலு பேர் இறக்கி வைத்தார்கள், பெரியவர் ஒருவர் ஓதினார், உதிரிப்பூவை எல்லாரும் தூவினார்கள். ஆட்கள் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள், என் வீட்டுக்காரரும் ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். சூமி மட்டும் ஒரு மண்குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம், வீட்டு மனுஷர்கள்தான் ஊற்றணும்.

இப்போது விட்டால் அப்புறம் இல்லை. செல்வியைப் பக்கத்தில் இழுத்தேன்.

"நான் சொல்றத அப்பிடியே அவங்களுக்குச் சொல்லு. அன்னிக்கு மழை பெய்யல. உங்க வீட்டுக் கூரைல தண்ணி ஊத்துனது நான்தான். அதான் சொல்லணும்."

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுடி. உன் காலப் புடிக்கிறேன்."

"நான் அப்பவே சொல்லிட்டேம்மா."

எனக்குப் புரியவில்லை. "எப்ப?"

"அந்த ஆபீஸ்காரர் வந்துட்டுப் போனாரே, அன்னிக்கே. அவங்க தனியா உக்காந்துக்கினு இருந்தாங்க. போய் சொல்லிட்டேன். நான்தான் தண்ணி எறைச்சேன்னும் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"என் கையப் புடிச்சுப் பக்கத்துல உக்கார வெச்சாங்க. அப்புறம், நீ கொழந்தை, உம்மேல ஒண்ணும் இல்லன்னாங்க. உங்கம்மா வந்து அவங்க வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் நான் கேக்கமாட்டேன், நீயும் சொல்லாதன்னாங்க."

ஆயிரம் நாள். அந்தக் கஞ்சி, அந்தப் பலகாரம், நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது, எல்லாம் தெரிந்தே செய்தது. ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும், ருசியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நான் சூமியைப் பார்த்தேன். எங்கள் பேச்சு அவளுக்குப் புரிந்திருக்காது, ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. எனக்கு இருக்கிற நாற்பது வார்த்தையில் தேடினேன். மழை, இல்லை, தண்ணீர், நான். நாலும் சந்தையில் கற்றதுதான். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டு முடிக்கும் வரைக்கும் முகத்தைத் திருப்பவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அழவும் இல்லை.

குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஊத்து" என்றாள். அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.

குடத்தைச் சாய்த்தேன், பாதித் தண்ணீர் என் சேலையில் போயிற்று. செல்வி வந்து குடத்தின் அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் மெதுவாகச் சொன்னாள், அது எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், காலையில் அவள்தான் இறைத்துக் கொடுத்தாள், சூமி அக்கா அதைத்தான் கேட்டார்கள் என்று.

சாம்பல் நிறப் புதுக்கல் நனைந்து கறுத்தது. கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்தினேன்.

"முழுசா" என்றாள் சூமி.

முழுசாக ஊற்றினேன்.